தம்பிகள் காத்திருக்க வேண்டுமா? சதுரங்க என்ஜினில் பல திரெட் தேடல்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் அக்கா மகன் ஒரு சதுரங்க என்ஜின், அதாவது சதுரங்கம் ஆடும் நிரல், எழுதிக்கொண்டிருக்கிறான். நாலு கோர் உள்ள கம்ப்யூட்டரில் அது ஒரு கோரில் மட்டும் ஓடுகிறது. "மாமா, மிச்ச மூணையும் எப்படி வேலை வாங்குறது?" என்று கேட்டான். தேடலைப் பல திரெட்டுகளுக்கு, அதாவது ஒரு நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலை இழைகளுக்கு, பிரித்துக்கொடுக்க வேண்டும். அதற்கு ரெண்டு வழிகளை அலசினோம்.

சிக்கல், என்ஜின் நகர்வுகளைத் தேடும் ஆல்ஃபா-பீட்டா முறையிலேயே இருக்கிறது. முதல் நகர்வைத் தேடிக் கிடைத்த மதிப்பை வைத்துத்தான் மற்ற கிளைகளை அது வெட்டுகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பங்குபோட்டால், வெட்டுப்பட வேண்டிய கிளைகளிலும் திரெட்டுகள் உழைத்துக்கொண்டிருக்கும்.

ஜெர்மனியில் ரைனர் ஃபெல்ட்மேனும் கூட்டாளிகளும் 'சுக்ஸ்வாங்' என்ற நிரலுக்காக வகுத்த 'யங் பிரதர்ஸ் வெயிட்' முறை இதற்கு நேரடியான பதில். மூத்த நகர்வை முழுசாகத் தேடி முடிக்கும்வரை தம்பி நகர்வுகள் காத்திருக்கும். அப்புறம்தான் அவை திரெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். யோசனை அழகானது. ஆனால் எழுதுவது பெரும்பாடு. எங்கே பிரிப்பது, சும்மா நிற்கும் திரெட்டை எப்படிச் சேர்ப்பது, நடுவில் ஒரு கிளை வெட்டுப்பட்டால் அங்கே வேலை செய்கிறவர்களை எப்படி நிறுத்துவது என்று எல்லாவற்றுக்கும் லாக் (ஒரு நேரத்தில் ஒரு திரெட்தான் தொடலாம் என்ற பூட்டு) போட வேண்டும். ஒரு லாக் தப்பினால், ஆயிரம் ஆட்டத்தில் ஒருமுறை மட்டும் தலைகாட்டும் பிழை வரும். தனியாக எழுதும் பையனுக்கு அது பல வார வேலை.

ரெண்டாவது வழியான லேசி எஸ்எம்பி இதையெல்லாம் தூக்கிப்போடுகிறது. எல்லாத் திரெட்டும் ஒரே நிலையை வேரிலிருந்தே தேடும். சில மட்டும் ஆழத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ஹேஷ் டேபிள், அதாவது தேடிய நிலைகளின் முடிவைக் குறித்துவைக்கும் அட்டவணை. ஒன்று கண்டதை இன்னொன்று அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இது எப்படி உதவும் என்று எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் பேர்பெற்ற என்ஜினான ஸ்டாக்ஃபிஷே 2016 ஜனவரியில் வந்த 7-ஆம் பதிப்பில் பழைய முறையை விட்டு இதற்கு மாறியது. அவன் போக வேண்டிய வழியும் இதுதான் என்பது என் முடிவு.

இதிலும் கவனம் வேண்டிய இடங்கள் உண்டு. ரெண்டு திரெட் ஒரே ஹேஷ் இடத்தில் எழுதினால் பதிவு பாதி பாதியாகக் கலந்துபோகும். ராபர்ட் ஹயாட்டும் டிம் மானும் 2002-இல் சொன்ன வழி, நிலையை அடையாளம் காட்டும் எண்ணான சாவியைத் தரவோடு எக்ஸ்ஓஆர் செய்து (ரெண்டின் பிட்டுகளையும் ஒப்பிட்டுக் கலந்து) சேமிப்பது. கலந்துபோன பதிவைத் திரும்ப எடுக்கும்போது சாவி பொருந்தாது, லாக்கும் தேவையில்லை. எந்த நகர்வை முதலில் பார்ப்பது என்று சொல்லும் ஹிஸ்டரி, கில்லர் பட்டியல்களை ஒவ்வொரு திரெட்டுக்கும் தனியாக வைக்க வேண்டும்.

அளப்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. லேசி முறையில் திரெட்டுகள் மரத்தை அகலமாகவும் பார்ப்பதால், ஒரு ஆழத்தை எவ்வளவு வேகமாக எட்டியது என்ற கணக்கு அதன் முழுப் பலனையும் காட்டாது. ஆட வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு திரெட் என்றால் நாலு ஆட்டங்களைச் சேர்த்தே ஓட்டலாம். நாலு திரெட் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். 2023 மாதிரி நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு வந்தால், ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் அப்போதைக்கப்போதே கோப்பில் எழுதிவைத்தால்தான் சோதனை பாதியில் போகாது.

முதல் வேலையாக, திரெட் எண்ணிக்கையை 1 என்று வைத்து ஓட்டச் சொன்னேன். பழைய என்ஜின் தந்த அதே கணு எண்ணிக்கை (தேடிய நிலைகளின் எண்ணிக்கை) அச்சு அசலாக வர வேண்டும். வராவிட்டால் இரண்டாவது திரெட்டைத் தொடவே வேண்டாம்.