மேன்ஹோல் லெவல் சென்சார்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

இங்கிலாந்தின் தென்பகுதியில் கழிவுநீர்க் குழாய்ப் பராமரிப்பில் வேலை செய்கிறேன். மேன்ஹோல் மூடிக்கு அடியில் பொருத்தி, உள்ளே கழிவுநீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளக்கும் லெவல் சென்சார்களின் டேட்டாவைப் பார்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும். இவ்வளவு காலம் பார்த்ததில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: இந்தச் சென்சாரின் அருமை மழை நாளில் தெரியாது, மழையில்லாத நாளில்தான் தெரியும்.

இங்கே பழைய ஊர்களில் மழைநீரும் வீட்டுக் கழிவும் ஒரே குழாயில் போகின்றன. பெருமழையில் குழாய் கொள்ளாது, அப்போது கழிவு வீடுகளுக்குள் எதிர்த்து ஏறிவிடாமல் இருக்க, உபரி ஆற்றில் விழும்படி வழி வைத்தே கட்டியிருக்கிறார்கள். ஆனால் வெயில் அடிக்கிற நாளில் அதே வழியாகச் சாக்கடை ஆற்றில் விழுந்தால் எனக்குத் தாங்காது. பம்ப் பழுதாக இல்லாவிட்டால் பெரும்பாலும் அது அடைப்புதான். கழிப்பறையில் போடும் வெட் வைப்ஸும், சிங்க்கில் ஊற்றும் சமையல் கொழுப்பும் சேர்ந்து இறுகிப்போயிருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் இதை முழுக்கத் தடுக்கலாம்.

எப்படித் தெரியும்? சாதாரண நாளில் விடியற்காலை மட்டம் அடியில் கிடக்கும், காலைக் குளியல் நேரத்தில் ஏறும், மத்தியானம் இறங்கும், மாலையில் மறுபடி ஏறும். ஒவ்வொரு தெருவுக்கும் இது ஒரு நாடித்துடிப்பு மாதிரி, கொஞ்ச நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். அடைப்பு உருவாக ஆரம்பித்தால் மேல்பக்க மேன்ஹோலில் இரவு மட்டம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காது. முதலில் சில சென்டிமீட்டர்தான் வித்தியாசம், அடுத்தடுத்த இரவுகளில் இன்னும் கொஞ்சம். கீழ்ப்பக்கச் சென்சாரில் வழக்கத்தைவிடக் குறைவாக ஓடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து எந்த இரண்டு மேன்ஹோலுக்கு நடுவில் அடைப்பு என்று சொல்லிவிட்டால், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் ஜெட்டிங் லாரி போய்ச் சுத்தம் செய்துவிட்டு வந்துவிடும், ஆற்றுக்கு ஒரு சொட்டு போகாது. இந்த வேலையில் எனக்கு மிகப் பெரிய திருப்தி இதுதான்.

குறைகளும் உண்டு. ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டினால் அலாரம் என்ற பழைய முறை உதவவே இல்லை. மழை பெய்தால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அலறும், மெதுவாக வளரும் அடைப்புக்கோ கடைசி வரை வாய் திறக்காது. பெய்த மழையைக் கணக்கில் எடுத்து, 'இந்நேரம் மட்டம் இவ்வளவு இருக்கணும்' என்று கணித்து, அதிலிருந்து விலகினால் மட்டும் சொல்லும் மென்பொருள் வந்த பிறகுதான் அலர்ட்டை நம்பி ஆளை அனுப்ப முடிந்தது. அப்புறம், ஒலி அலையை அனுப்பி அளக்கும் அல்ட்ராசோனிக் வகையில் சிலந்திவலையும் நீராவியும் பெரிய தொல்லை. ராடார் வகை பரவாயில்லை, விலை கூடுதல். இரும்பு மூடிக்கு அடியில் சிக்னல் கிடைக்காத இடங்களில் பேட்டரி சீக்கிரம் தீரும்.

இப்படி உபரி ஆற்றிலோ கடலிலோ விழும் வழிதல் இடங்கள் இங்கிலாந்தில் சுமார் 14,000, அவை எல்லாவற்றிலும் 2023 இறுதிக்குள் கண்காணிப்புக் கருவி வைத்துவிட்டார்கள். 2025 முதல், வழிய ஆரம்பித்த ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதை வெளியிட வேண்டும். மக்களுக்கு இது அவசியம், வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கருவி எவ்வளவு நேரம் வழிந்தது என்றுதான் சொல்லும், எவ்வளவு தண்ணீர் என்று சொல்லாது. அதுவும் வழிந்த பிறகு. 2024-இல் பதிவான வழிதல்கள் 4,50,398, முந்தைய வருடம் 4,64,056. எண்ணுவதால் மட்டும் பெரிதாகக் குறைந்துவிடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

டேட்டாவை வைத்து உடனே செயல்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் நகரத்தைப் பார்க்கலாம். 2008 வாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட சென்சார்களை வைத்தார்கள், பிறகு நிலவரத்துக்கு ஏற்பத் தானாகத் திறந்து மூடும் வால்வுகளையும் சேர்த்து, குழாயில் காலியாக இருக்கும் இடத்திலேயே தண்ணீரைத் தேக்கினார்கள். வறண்ட நாள் வழிதல் நின்றது, மொத்த வழிதல் அளவு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது.

எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை ஊர்களில் மட்டும் இது கைகொடுக்காது. குளிர்காலத்தில் நிலத்தடி நீர் விரிசல் வழியாகக் குழாய்க்குள் புகுந்து, மழை நின்று வாரக்கணக்கில் மட்டம் இறங்காமலே நிற்கும். எந்தத் தெருவில் புகுகிறது என்று சென்சார் காட்டும், அதற்கு மேல் குழாய்க்கு உள்பூச்சு போடத்தான் வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் ஒரு முழு வருட டேட்டா சேரும் வரை பொறுங்கள். அதுவரை வரும் அலர்ட்டை வைத்துக் கருவியை எடை போடாதீர்கள். டேட்டாவைத் தினமும் பார்க்க ஒருவரின் சம்பளத்தையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.