சோயா தீவனத்தில் குறை இல்லை, மூட்டை மேல் போட்டிருக்கும் 28-இல்தான் குறை

மதுரைப் பக்கம் விரால் வளர்க்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். மீன் தூள் சேர்த்த தீவனம் கட்டுப்படியாகவில்லையாம். "நீங்க போடுற சோயா தீவனத்துக்கே நானும் மாறிடவா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் குட்டைகள் தஞ்சாவூர்ப் பக்கம். ஒன்றில் கிஃப்ட் என்ற மேம்படுத்திய ரகத் திலேப்பியா, இன்னொன்றில் கட்லாவும் ரோகுவும். இரண்டு வருஷத்துக்கு மேலாக மீன் தூளே சேர்க்காத மிதவைத் தீவனம்தான் போடுகிறோம்.

வளர்ச்சியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நல்ல மீன் தூளில் புரதம் 60 சதத்துக்கு மேல் இருக்கும், சோயா புண்ணாக்கில் 44 முதல் 48 வரைதான். ஆனால் திலேப்பியா பாசியையும் தின்று வளரும் மீன், அதற்கு இது தாராளம். சோயாவில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைத் தனியாகச் சேர்த்துவிடுகிறார்கள். பச்சை சோயாவில் புரதம் செரிக்காமல் தடுக்கிற பொருள் சூட்டில் போய்விடும். தீவன அறையில் கருவாட்டு நாற்றம் இல்லை, மூட்டையை நாய் கிழிப்பதும் இல்லை.

இன்னொரு திருப்தியும் உண்டு. இழுவை மடியில் சிக்கும் பொடி மீன் எவ்வளவோ தூளாக அரைபடுகிறது. வளர்ந்திருந்தால் யாரோ ஒருவர் வீட்டுக் குழம்புக்குப் போயிருக்க வேண்டியவை அவை. அதை அரைத்து என் மீனுக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. போட நினைத்தாலும் விலை நம் கையில் இல்லை. 2023-இல் கடல் சூடேறும் எல் நினோவால் பெரு நாடு, மீன் தூளுக்குப் போகும் நெத்திலி பிடிப்பின் முதல் பருவத்தையே ரத்து செய்தது, உலகம் முழுக்க மீன் தூள் விலை ஏறியது.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகு கோபத்துக்கு வருகிறேன். மூட்டையில் 'கச்சாப் புரதம் 28 சதம்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். அது புரதத்தை நேராக அளந்த கணக்கு இல்லை. தீவனத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கினால் வருவது. அந்த நைட்ரஜன் சோயாவிலிருந்து வந்ததா, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலிருந்தா, எத்தனால் வடித்த பிறகு மிஞ்சும் தானியச் சக்கையிலிருந்தா என்று அந்த எண் சொல்லாது. மீன் உடம்பில் எவ்வளவு ஒட்டும் என்றும் சொல்லாது.

ஒரே பெயர், ஒரே விலை, ஒரே 28. ஆனால் ஒரு லோடு வெளிர் நிறத்தில் வருகிறது, அடுத்த லோடு கருத்து வருகிறது. கருத்த லோடு வந்தால் சில வாரத்தில் குட்டை கரும்பச்சை ஆகிவிடுகிறது, கரையோரம் மீன் கழிவு அதிகமாகத் தெரிகிறது. செடியில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பங்கு ஃபைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கும், மீனால் அதை உடைக்க முடியாது. ஃபைட்டேஸ் என்ற நொதி சேர்த்தால் உடையும். தீவனத்தை வேகவைத்துப் பிழியும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தின் சூட்டில் அந்த நொதி செத்துவிடும் என்பதால் தீவனம் வெளியே வந்த பிறகுதான் தெளிக்க வேண்டும். தெளித்தார்களா இல்லையா என்று மூட்டையில் ஒரு வரி கிடையாது. உடையாத பாஸ்பரஸ் கழிவோடு தண்ணீருக்குப் போய்ப் பாசிக்கு உரமாகிறது. அந்தப் பாசி ராத்திரி முழுக்க ஆக்ஸிஜனை இழுக்க, விடியற்காலையில் கட்லா மேலே வந்து வாய் பிளக்கிறது. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடும் கரன்ட் காசு நம் கணக்கில்.

மீன் தூளிலும் எலும்பு வழியாகப் பாஸ்பரஸ் நிறைய உண்டு, இரைப்பை இல்லாத கெண்டை இனங்களுக்கு அதுவும் சரியாகச் செரிக்காது. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். அதனால் சோயாவைக் குற்றம் சொல்லவில்லை. லோடுக்கு லோடு சரக்கை மாற்றிவிட்டு அதே எண்ணை அச்சிடுவதைத்தான் சொல்கிறேன். டீலரிடம் கேட்டால், "கம்பெனி ஃபார்முலா சார், வெளியே சொல்ல மாட்டாங்க" என்கிறார். குட்டை என்னுடையது, மீன் என்னுடையது. உள்ளே என்ன போகிறது என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லையா?

நண்பருக்கு வருகிறேன். அண்ணே, விராலுக்கு முழுசாக மாறாதீர்கள். அது மாமிசம் தின்னும் மீன், அதற்குப் புரதமும் 40 சதத்துக்கு மேல் வேண்டும். வாசனை பிடிக்காவிட்டால் இரையைத் தொடாது. மீன் தூளில் ஒரு பங்கை மட்டும் குறைத்து, குட்டைக்குள் கட்டும் வலைக்கூண்டான ஒரு ஹாப்பாவில் கொஞ்சம் குஞ்சு விட்டுப் பாருங்கள். புது மூட்டை பிரிக்கும்போது ஒரு பிடி எடுத்து வையுங்கள், அடுத்த லோடு வந்ததும் பக்கத்தில் வைத்து நிறத்தையும் மணத்தையும் பாருங்கள்.

திலேப்பியாவுக்கு சோயா தீவனம் நல்ல தீவனம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனாலும் நான் வாங்கும் இந்த மூட்டைக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுப்பேன். என்னென்ன சேர்மானம் என்று அச்சடித்துத் தருகிற வேறு கம்பெனி கிடைத்தால், கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட என்றாலும் அடுத்த சுற்றுக்கு அங்கேதான் எடுப்பேன்.