மந்திரச் சுருளுக்கு எப்படிப் பெயர் வைப்பது? டி அண்ட் டி, நெட்ஹேக், மாரோவிண்ட்

ஆர்பிஜி எனப்படும், ஒரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டுகளை ஆடுகிறவர்களின் பையில், கடைசி வரை படிக்காத ஸ்க்ரோல்கள், அதாவது ஒரு முறை படித்தால் மந்திரம் பலித்துத் தீர்ந்துபோகும் சுருள்கள், ஒரு கட்டு கிடக்கும். பெரிய பாஸ் (முக்கிய எதிரி) வரட்டும் என்று சேர்த்து வைத்தவை. பாஸ் செத்த பிறகும் அங்கேயேதான் இருக்கும். ஆட்டக்காரரின் கஞ்சத்தனத்தை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. சுருளுக்கு என்ன பெயர், அது எந்த வகையில் சேரும் என்று விளையாட்டு எடுக்கும் முடிவுக்கும் இதில் பங்கு உண்டு.

மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) இதைக் கணக்குப்பிள்ளை மாதிரி அணுகுகிறது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் சுருள்கள் 'ஆர்கேன்' (மாயவித்தை), 'டிவைன்' (தெய்வ அருள்) என்று இரண்டு வகை. விலைக்குச் சூத்திரம்: மந்திரத்தின் லெவல், எழுதியவரின் லெவல், 25 பொற்காசு மூன்றையும் பெருக்க வேண்டும். முதல் லெவல் சுருள் 25 காசு, மூன்றாம் லெவல் என்றால் குறைந்தது 375. கணக்கு சுத்தம்தான், ஆனால் வகைப்பாடு ஒரு கூத்தில் கொண்டுபோய் விட்டது. காயம் ஆற்றும் 'க்யூர் லைட் வூண்ட்ஸ்' மந்திரத்தைப் பாடகரான பார்டு எழுதினால் ஆர்கேன், பூசாரியான கிளெரிக் எழுதினால் டிவைன். காயம் ஆற்றுவதே தொழிலான கிளெரிக்குக்கு, பார்டு எழுதிய சுருள் பயன்படாது!

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்தப் பிரிவினையைத் தூக்கிவிட்டது. உங்கள் கிளாஸின் (பார்டு, கிளெரிக் போன்ற பாத்திர வகை) பட்டியலில் அந்த மந்திரம் இருந்தால் படிக்கலாம். அதற்குப் பதில் அரிதுத்தன்மை வந்தது: முதல் லெவல் 'காமன்', இரண்டும் மூன்றும் 'அன்காமன்', நான்கும் ஐந்தும் 'ரேர்', ஆறு முதல் எட்டு வரை 'வெரி ரேர்', ஒன்பது 'லெஜண்டரி'. ஒரு கூட்டத்தையே பொசுக்கும் ஃபயர்பாலும், பூட்டைத் திறக்கும் 'நாக்'கும் ஒரே 'அன்காமன்' தட்டில் உட்கார்ந்திருப்பது எனக்கு உறுத்துகிறது. 2023-இல் வந்த, டி அண்ட் டி விதிகளைத் தழுவிய கணினி விளையாட்டான பால்டர்ஸ் கேட் 3 கிளாஸ் நிபந்தனையையும் எடுத்துவிட்டது. எந்தச் சுருளையும் யாரும் படிக்கலாம். அப்படியும் சேர்த்து வைக்கும் பழக்கம் போகவில்லை. 'ஸ்க்ரோல் ஆஃப் ஃபயர்பால்' என்று பெயரிலேயே எல்லாம் தெரிந்துவிட்டால், அதைவிட நல்ல சமயம் பிறகு வரும் என்றுதான் மனம் கணக்குப் போடும். ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டிலும் இதே கதைதான்.

டயாப்லோ என்ற கணினி விளையாட்டை இந்தப் போட்டியிலேயே சேர்க்க வேண்டாம். அங்கே ஊருக்குத் திரும்ப வழி திறக்கும் டவுன் போர்ட்டல் சுருள் வெறும் பஸ் டிக்கெட்.

1987-இல் வெளிவந்த கணினி விளையாட்டான நெட்ஹேக் நேர் எதிர். ஒவ்வொரு ஆட்டத்திலும் சுருள்களுக்குப் பொருளற்ற தலைப்புகள் குலுக்கிப் போடப்படும்: 'செல்கோ மெர்', 'ஃபூபி பிளெட்ச்', 'தார்'. கூட்டத்தில் ஒன்று 'பிரத்யவாயஹ்', அசல் சமஸ்கிருதம்! போன ஆட்டத்தில் 'தார்' என்பது வேறிடத்துக்குத் தூக்கிப்போடும் டெலிபோர்ட்டேஷனாக இருந்திருக்கலாம். இந்த ஆட்டத்தில் அதுவே மறதியைக் கொடுத்து வரைபடத்தை அழிக்கலாம்.

பெயர் கைவிட்ட இடத்தில் கடைக்காரர் சொல்லும் விலை துப்பாகிறது. அடிப்படை விலை 20 உள்ளது, பொருள் என்னவென்று காட்டும் ஐடென்டிஃபை ஒன்றுதான். 80 என்றால் கவசத்தை வலுவாக்கும் என்சான்ட் ஆர்மர் அல்லது சாபம் நீக்கும் ரிமூவ் கர்ஸ், இரண்டுமே நல்லவை. 300-க்குப் போனால்தான் வயிற்றைக் கலக்கும். ஓர் இனத்தையே துடைத்தழிக்கும் ஜெனோசைடும், காலில் சங்கிலி போட்டு இரும்புக் குண்டு மாட்டும் பனிஷ்மென்ட்டும் ஒரே விலை. ஆக, இங்கே வகைப்பாட்டை ஆட்டக்காரரே உருவாக்குகிறார். இரண்டு மூன்று பிரதி கிடைத்த சுருளைத் துணிந்து படித்துப் பார்ப்பார். புதியவர்களுக்கு இது கொடுமைதான்; ஆனால் சுருள் பையில் தூங்காது.

மாரோவிண்ட் என்ற கணினி விளையாட்டு (2002) நடுவில் நிற்கிறது. 'எக்காஷ்'ஸ் லாக் ஸ்ப்ளிட்டர்' போல அங்கே பல சுருள்களுக்கு ஆள் பெயரும் கதையும் உண்டு. புகழ்பெற்றது 'இகாரியன் ஃப்ளைட்'. தொடக்க ஊரான செய்டா நீன் அருகே டார்ஹியல் என்ற மந்திரவாதி அலறிக்கொண்டே வானத்திலிருந்து விழுந்து சாவார். அவர் உடலில் அந்தச் சுருள் மூன்று இருக்கும். தாவும் திறன் 1000 புள்ளி கூடும், 7 நொடிக்கு மட்டும். விவரமெல்லாம் திரையிலேயே இருக்கிறது. ஆனாலும் படித்துவிட்டுத் தாவுகிறோம், வானத்தில் இருக்கும்போதே 7 நொடி தீர்ந்துவிடுகிறது. தரைக்கு வருமுன் இரண்டாவதைப் படித்தால் பிழைக்கலாம்.

திரையில் விளையாட என் ஓட்டு மாரோவிண்டுக்கு. 'ஃபார்டிஃபை அக்ரோபாட்டிக்ஸ்' (தாவும் திறனைக் கூட்டு) என்று வெறுமனே பெயர் வைத்திருந்தால் அதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

மேசை ஆட்டத்துக்கு நெட்ஹேக் முறையைக் கடன் வாங்கலாம். ஐந்தாம் பதிப்பின் விதியே அதற்கு இடம் தருகிறது: மந்திரம் தன் கிளாஸின் பட்டியலில் இல்லாதவருக்குச் சுருளில் இருப்பது புரியாது. ஆகவே அடுத்த புதையலை முதலில் மந்திரப் பட்டியலே இல்லாத போர்வீரரான ஃபைட்டர் கையில் கொடுங்கள், பெயரைச் சொல்லாமல்.