குறுஞ்செய்தியா, குரலா, வைஃபை பெட்டியா? இணையம் எட்டாத இடத்தில் போன்வழிப் பாடம்

வளரும் நாடுகளில் போன் வழியாகப் பாடம் நடத்தத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் ஆப்பிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது, போன் யார் கையில், எந்த நேரத்தில் இருக்கிறது என்பதுதான். வீட்டுக்கு ஒரே பட்டன் போன், அதுவும் இருட்டிய பிறகுதான் பிள்ளையிடம் வரும் என்றால், போட்டி குறுஞ்செய்திக்கும் குரலுக்கும் மட்டுமே.

குறுஞ்செய்தி எந்த போனிலும் வரும். சிக்னல் போனாலும் பிறகு வந்து சேரும், மறுபடி படிக்கலாம். ஆனால் இடம் குறைவு. ரோமன் எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ், வங்காளம், அம்ஹாரிக் போன்றவற்றில் 70 தான். புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனியாக எண்ணப்படும். ‘கூட்டல்’ நமக்கு 4 எழுத்து, செய்திக் கணக்கில் 7. எழுபதைத் தாண்டினால் துண்டுக்கு 67 எழுத்தாக உடையும், பொதுவாகத் துண்டுக்கு ஒரு கட்டணம். ஆகவே ஒரு செய்தியில் ஒரு கணக்குக்கு மேல் வைக்காதீர்கள். விளக்கம் சொல்ல இது இடமே அல்ல.

குரலில் இரண்டு வகை. பதிவு செய்த பாடத்தை ஐ.வி.ஆர் (எண்ணை அழுத்தித் தேர்வு செய்யும் தானியங்கிக் குரல் அமைப்பு) வழியாக ஒலிக்கச் செய்வது ஒன்று. வங்கதேசத்தில் 2009-இல் தொடங்கிய பிபிசி ஜனாலா என்ற திட்டம், 3 நிமிட ஆங்கிலப் பாடங்களை இப்படித்தான் தந்தது. மாணவர் மிஸ்டு கால் கொடுக்க, கணினி திருப்பி அழைத்தால் செலவு நடத்துபவருடையது. ‘1-ஐ அழுத்தினால் கணிதம்’ என்று சொல்லாமல் ‘கணிதத்துக்கு 1’ என்று பதியுங்கள். எண் கடைசியில் வந்தால்தான் நினைவில் நிற்கும். போனைக் காதிலிருந்து எடுத்து எண்ணைத் தேட நேரமாகும் என்பதால், பதிலுக்கு 10 நொடியாவது காத்திருக்கும்படி அமையுங்கள். இதைக் குறைத்தால் பலர் நடுவிலேயே போனை வைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, ஆள் அழைப்பது. 2020-இல் பள்ளிகள் மூடியபோது போட்ஸ்வானாவில் சில குடும்பங்களுக்கு வாராந்தரக் கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் போயின. வேறு சிலவற்றுக்கு அதோடு 15–20 நிமிட அழைப்பும். அழைப்பு சேர்ந்த பிள்ளைகளின் கணக்குத் திறன் தெளிவாக உயர்ந்தது. செய்தி மட்டும் பெற்றவர்களிடம் உறுதியான பலன் தெரியவில்லை. பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று கேட்டறிய ஆள் வேண்டும். பணம் குறைவென்றால் பாடங்களைக் குறைத்து அழைப்பைக் காப்பாற்றுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை.

பள்ளியில் ஸ்மார்ட்போனோ டேப்லெட்டோ இருந்தால் கணக்கு மாறுகிறது. ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கணினியில், இணையமின்றிப் பாடம் காட்டும் கோலிப்ரி மென்பொருளை நிறுவி, பாடங்களை முன்பே இறக்கிவைத்தால் வைஃபையில் ஓடும். இதுதான் வைஃபை பெட்டி. சுமார் 5 வாட் போதும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க், இழப்பு போக, ஒரு பள்ளி நாளைத் தாங்கும். பழுதாகும் இடங்கள் இவை:

- நடுவில் மின்சாரம் போனால் பெட்டியின் மெமரி கார்டு கெடலாம். நகலெடுத்த இன்னொரு கார்டு பள்ளியிலேயே இருக்கட்டும்.
- பை 4-இல் தனிக் கடிகாரம் இல்லை. அணைத்து ஏற்றினால் தேதி பிசகி, மாணவர் பதிவுகள் குழம்பும். கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்துங்கள்.
- முப்பது பேரை அதன் சொந்த வைஃபை தாங்காது. தனி ரூட்டர் வையுங்கள்.
- ‘இந்த வைஃபையில் இணையம் இல்லை’ என்று ஆண்ட்ராய்டு விலகப் பார்க்கும். இணைப்பில் தொடரும்படி ஒவ்வொரு கருவியிலும் ஒருமுறை தேர்ந்தெடுக்க வேண்டும். ஆசிரியர்கள் பெட்டி கெட்டுவிட்டதாக நினைப்பது பெரும்பாலும் இதனால்தான்.

போனில் செருகும் மெமரி கார்டில் பாடம் ஏற்றிக் கொடுப்பது மலிவான வழி. 10 நிமிட ஒலிப்பாடம் 32 கேபிபிஎஸ்-இல் (நொடிக்கு 32 கிலோபிட்) 2.4 எம்பி, அதே நீள வீடியோ 250 கேபிபிஎஸ்-இல் கிட்டத்தட்ட 19 எம்பி. யார் எதைக் கேட்டார்கள் என்ற பதிவு மட்டும் நமக்குத் திரும்பி வராது. வாரம் ஒருமுறை கேள்வி கேட்க ஓர் ஆசிரியர் இருக்கும் ஊருக்கு மட்டும் இதை அனுப்புங்கள்.