மில்லெனியம் வரிசை: நிருபர் துப்பறிந்தால் இப்படித்தான்

சுஜாதாவின் கணேஷ்–வசந்த் படித்துப் பழகியவர்களுக்கு, ஸ்வீடன் நாட்டு மில்லெனியம் துப்பறியும் நாவல்களின் நாயகனான நிருபர் மிக்கேல் புளூம்க்விஸ்ட் முதலில் கொஞ்சம் சப்பென்றுதான் தெரிவார். குறும்பு கிடையாது, சாமர்த்தியப் பேச்சு கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் காபி மட்டும் உண்டு. இவற்றை எழுதிய ஸ்டீக் லார்ஸன் தீவிர வலதுசாரிகளைக் கண்காணித்து எழுதிய பத்திரிகையாளர். 2004இல் அவர் இறந்தார், முதல் நாவல் 2005இல்தான் வெளிவந்தது.

முதல் 100 பக்கம் சோதனை. ஒரு தொழிலதிபரைப் பற்றி எழுதி, அவதூறு வழக்கில் தோற்று, 3 மாதச் சிறைத்தண்டனை வாங்குகிறார் புளூம்க்விஸ்ட். பங்கு, கடன், போலி நிறுவனம் என்று கணக்குப்பிள்ளை சமாச்சாரம் நீள்கிறது. தாண்டிக் குதித்துவிடாதீர்கள், கடைசி அத்தியாயங்களின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

1966இல் ஒரு தீவிலிருந்து 16 வயது ஹாரியட் காணாமல் போகிறாள். அன்று டேங்கர் லாரி மோதி, தீவின் ஒரே பாலமும் அடைபட்டுக் கிடக்கிறது. ஏறக்குறைய 40 வருஷம் கழித்து விசாரிக்க வரும் நிருபரால் யாருக்கும் சம்மன் அனுப்ப முடியாது, எந்த வீட்டையும் சோதனை போட முடியாது. ஆனால் ஒரு விஷயம் தெரியும்: பேப்பரில் அச்சாவது ஓரிரு படம், ஃபிலிம் சுருளில் மிச்சமெல்லாம் இருக்கும். உள்ளூர்ப் பத்திரிகையின் அன்றைய நெகட்டிவ்களை எடுத்து வரிசைப்படுத்துகிறார். ஊர்வலம் பார்க்கும் ஹாரியட்டின் முகம் அடுத்தடுத்த படங்களில் மாறுகிறது. அவள் யாரைப் பார்த்தாள்? அது எந்தப் படத்திலும் இல்லை. சரி, அவளுக்குப் பின்னால் கேமராவோடு நிற்கும் பெண் அதே திசையைத்தானே எடுத்திருப்பாள்? அந்தப் பெண்ணைத் தேட ஒரு காரின் ஸ்டிக்கர்தான் பிடிமானம். ரத்தம் சிந்தாத இந்தப் பக்கங்கள்தான் மொத்த வரிசையிலும் உச்சம்.

இரண்டாவது நாவலில் ஹேக்கர் லிஸ்பெத் சலாண்டர் மேலே வந்துவிட, நிருபர் பின்னுக்குப் போகிறார். பெண்களைக் கடத்தும் கும்பலைப் பற்றி எழுதவிருந்தவர் கொலையாவது நல்ல தொடக்கம். நடுவில் மரச்சாமான் கடைப் பட்டியலையே ஒப்பிக்கிறார் ஆசிரியர், எடிட்டர் லீவில் போயிருந்தார் போலும். கதை அந்தரத்தில் நிற்கும்போது புத்தகம் முடிந்துவிடும், மூன்றாவது அதே இரவில் தொடங்கும். இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். மூன்றாவதில் உளவுத்துறை ரகசியப் பிரிவின் வரலாறு இழுவை, கோர்ட் காட்சி பிரமாதம்.

2015 முதல் வந்தவை வேறு கைகள் எழுதியவை. நெகட்டிவ் தேடும் பொறுமை அவற்றில் இல்லை, விட்டுவிடலாம்.

பெங்களூரு சர்ச் தெருவில் பழைய பிரதி எடுத்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதல் நாவலில் ஹாரியட்டின் வாங்கேர் குடும்ப மரம் இருக்கிறதா? அது கிழிந்திருந்தால் எந்த அண்ணன், எந்தத் தம்பி என்று தெரியாமல் தடுமாறுவீர்கள். நடுப்பக்கம் விரித்தால் முதுகு பிளக்கிறதா? 500 பக்கத்துக்கு மேற்பட்ட பாக்கெட் சைஸ் பிரதியில் பசைதான் முதலில் விடும். அப்புறம், அட்டையில் ஆசிரியர் பெயர். ஆங்கிலத் தலைப்புகள் எல்லாமே ஒரு பெண்ணைச் சொல்வதால் லார்ஸன் என்று நினைத்து வேறொருவரை வாங்கிவிடுவது சுலபம்.

எம்.ஜி. ரோட்டில் மெட்ரோ ஏறி ஒயிட்ஃபீல்டு போவதற்குள் 25 பக்கம் ஓடும். முதல் நாவலின் ஸ்வீடிஷ் தலைப்புக்குப் பொருள் ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’. பாலியல் வன்முறைக் காட்சிகள் கடுமையானவை, வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.