மொரீஷியஸ் நோட்டுகள்: 1998-ஆ, 1999-ஆ?

மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளைச் சேர்க்கத் தொடங்கும் தமிழர் எவரும், 1998 ஆண்டிட்ட நோட்டை வாங்குவதா 1999 ஆண்டிட்டதை வாங்குவதா என்ற கேள்விக்கு வந்தே தீர்வார். 1998 நவம்பரில் மொரீஷியஸ் வங்கி 25 ரூபாய் முதல் 2000 ரூபாய் வரை ஏழு மதிப்புகளில் புதிய வரிசையொன்றை வெளியிட்டது. அதில் அச்சிட்ட எழுத்துகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து தேவநாகரி வரியும் அதன் கீழே தமிழ் வரியும் அமைந்திருந்தன. முன்பு தமிழ்தான் இரண்டாவதாக இருந்தது; தவிரவும், பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாகத் தமிழர் அத்தீவுக்குச் சென்றிருந்தனர் என்பதால் அங்குள்ள தமிழர்கள் கடுமையாக எதிர்த்தனர். வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999 ஆண்டிட்ட நோட்டுகளில் தமிழை மீண்டும் இரண்டாம் வரிக்கு ஏற்றியது.

உருவப்படங்களும் மதிப்புகளும் இரண்டு வரிசைகளிலும் ஒன்றே. வரிகளின் வைப்புமுறையையும் அச்சிட்ட ஆண்டையும் பார்த்தே பிரித்தறிய வேண்டும். 1998 வரிசை புழங்கிய காலம் குறுகியது. அதனால் தேடலும் விலையும் கூடும், குறிப்பாக 1000, 2000 ரூபாய்த் தாள்களில். விற்பவர்கள் சிலர் இதைப் 'பிழை நோட்டு' என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். அச்சுப்பிழை வேறு, வேண்டுமென்றே வகுத்த வைப்புமுறை வேறு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவது நல்லது. 1999 அமைப்போ பிந்தைய ஆண்டுகளிலும் தொடர்ந்ததால், மடிப்பு விழாத தாளாகப் பொறுக்கி எடுக்கலாம். ஆனால் அது தனியாக இருந்தால் சாதாரண நோட்டு, பார்ப்பவருக்கு எதுவும் சொல்லாது. 2013-இல் வந்த 25, 50, 500 ரூபாய் பாலிமர் (பிளாஸ்டிக் வகை) தாள்கள் அழுக்கேறாமல் நீடிக்கும் என்றாலும், இந்த வழக்கில் அவை சாட்சிகள் அல்ல.

ஏழு மதிப்புகளையும் ஒரே வரிசையில் முழுமையாக்குவதுதான் வழக்கமான ஆசை. அதற்கு ஆகும் பணத்தில் ஒரு சிறு பங்கைச் செலவிட்டு, ஒரே மதிப்பை இரண்டு ஆண்டுகளிலும் வாங்கி அருகருகே வைப்பதே ஆராய்பவருக்குப் பயன் தரும் என்பது என் கருத்து. அந்த மதிப்பு 100 ரூபாயாக இருக்கட்டும்: அதிலிருக்கும் உருவம் 1958-இல் மறைந்த தமிழ் வழக்கறிஞரும் அரசியல் தலைவருமான ரங்கநாதன் சீனிவாசனுடையது. தமிழர் ஒருவரின் முகத்துக்குப் பக்கத்திலேயே தமிழ் வரி ஒருபடி இறங்கியதையும் மறு ஆண்டே ஏறியதையும் காட்ட வேறெந்தத் தாளாலும் இவ்வளவு தெளிவாக முடியாது. முதலில் 1998 தாளை வாங்கிவிட வேண்டும். அதன் இணையைப் பிறகு நிதானமாகத் தேடிக்கொள்ளலாம்.