ஒகேனக்கல் ஆற்றங்கரை மீன் சமையல்: உண்டு பார்த்தும் கேட்டும் எழுதியது

2022 நவம்பரில் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட 686 சதுர கிலோமீட்டர் காடு, கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய இரு மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. அந்தப் பக்கத்து மக்களின் பிழைப்பைக் கேட்டறியும் கள ஆய்வுக்காக, மாணவர்கள் ஒன்பது பேருடன் ஒகேனக்கல் சென்றிருந்தேன். மதியம் ஓட்டலுக்குப் போகாமல், மீனை நாமே வாங்கிக் கொடுத்தால் அடுப்பு மூட்டிச் சமைத்துத் தரும் பெண்களில் ஒருவரிடம் சாப்பாட்டை ஒப்படைத்தோம்.

குழம்புக்குக் கட்லாவும் வறுவலுக்கு ஜிலேபி மீனும் வாங்கச் சொன்னவர் அவரே. விலை கூடிய மீனைக் காட்டிய கடைக்காரரிடம் எங்களுக்காக இரண்டு வார்த்தை பேசவும் செய்தார். புளி சற்றுத் தூக்கலாக, மிளகாயை அம்மியில் அரைத்து வைத்த அந்தக் குழம்பைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. சோறுதான் குழைந்துவிட்டது. இலை போடுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கூலியை முதலிலேயே பேசியிருந்தும், எண்ணெய்க்கும் விறகுக்கும் தனிக்கணக்கு என்பது கடைசியில்தான் தெரிந்தது. சுற்றிலும் காடு இருக்க விறகுக்கு ஏன் காசு என்று ஒரு மாணவன் கேட்டான். இப்போது விலைக்குத்தான் வாங்குவதாக அவர் சொன்னார்.

காத்திருந்த அந்த ஒன்றரை மணி நேரம் வீணாகவில்லை. எங்கள் வினாத்தாளில் 'மாத வருமானம்' என்றொரு கட்டம் இருந்தது. அதைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டு, "ஆத்துல எத்தன கன அடி தண்ணி வருதுன்னு சொல்லு கண்ணு, அப்புறம் நான் வருமானம் சொல்றேன்" என்றார். கர்நாடகத்திலிருந்து வரும் நீரை மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். அந்த அளவு ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதிக்கும். பரிசல் இல்லையென்றால் கூட்டம் குறையும். அன்று பரிசல் ஓட்டுபவர், மீன் வறுப்பவர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், சமைப்பவர் ஆகிய எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கை முடங்கும். மழை நன்றாகப் பெய்த ஆண்டு மேட்டூர் பாசனத்தை நம்பிய உழவருக்கு நல்ல ஆண்டாக இருக்க, இந்தக் கரையில் அடுப்பு எரியாத நாள்கள் மிகுந்த ஆண்டாகிவிடுகிறது. மாணவி ஒருத்தி அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, 'சென்ற மாதம் எத்தனை நாள் அடுப்பு மூட்டினீர்கள்?' என்று எழுதிக்கொண்டாள். என் பார்வையில் அந்த வினாத்தாளிலேயே உருப்படியான கேள்வி அதுதான்.

செல்ல விரும்புவோர் கிளம்பும் முன் நீர்வரத்துச் செய்தியைப் பார்த்துக்கொள்ளலாம். கூலி பேசும்போதே எண்ணெய், விறகு, மசாலா எல்லாம் சேர்த்தா என்று கேட்டுவிடலாம். கூட்டம் நெரியும் ஞாயிற்றுக்கிழமையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேழ்வரகுக் களி கிடைக்குமா என்று கேட்டதற்கு, முதல் நாளே சொல்லியிருந்தால் கிண்டி வைத்திருப்பேன் என்றார். அடுத்த முறை சொல்லிவைப்பதற்காக அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கி வந்திருக்கிறோம்.